ஒரு தடி, ஒரு குடம்

"ஆசானே, இந்தப் பஞ்சாயத்து எனக்கு ஒத்துவரலை. விட்டுடலாம்னு இருக்கேன்."

ஆற்றங்கரைக் குடிலுக்குள் வந்து உட்கார்ந்ததும் நாச்சி சொன்னது இதுதான். ஐம்பத்திரண்டு வயது. நடுத்துறை நாட்டின் அமைச்சர்.

நடுத்துறை சின்ன நாடு. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நடந்தே கடந்துவிடலாம். மேலே மலைநாடு, கீழே வயல்நாடு. ஆற்று நீருக்காக இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றபோது, நடுவில் இருக்கிற பாவத்துக்கு நடுத்துறையைத் தீர்த்துவைக்கச் சொன்னார்கள்.

ஆசான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஏழு நாள் பேசியாச்சு. மாறன் பேச்சுக்குத் தலையாட்டினா சேந்தன் கோவிச்சுக்கிறான். சேந்தனுக்கு மோர் ஊத்தினா மாறன் முகத்தைத் திருப்பிக்கிறான். நாளைக்கும் முடியலைன்னா மலைநாடு மதகை அடைச்சுடும். வயல்நாட்டு நாத்து கருகினா அவங்க படை நம்ம ஊர் வழியாத்தான் மேலே ஏறும்."

மலைநாட்டுக்காகப் பேச வந்தவன் மாறன். வயல்நாட்டுக்காகச் சேந்தன். ஒரு காலத்தில் நாச்சியோடு இதே குடிலில் படித்தவர்கள்.

"குடிக்க என்ன தண்ணி வைக்கிறே?"

நாச்சி கொஞ்சம் நிமிர்ந்தாள். "அதில யாரும் குறை சொல்ல முடியாது. அவனவன் நாட்டுத் தண்ணியையே தனித்தனிக் குடத்தில வரவழைச்சு, துணி கட்டி, முத்திரை வெச்சு..."

"எந்த ஆத்துத் தண்ணி?"

"ரெண்டும் இதே ஆறுதான்," என்றாள் நாச்சி.

ஆசான் ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"இங்கே இருந்தப்ப யார் தண்ணி தூக்கினது?"

கேட்டதும் அந்தக் காலைகள் அப்படியே வந்து நின்றன. ஈர மண் வாசனை. ஒரே தடி. நடுவில் கயிற்றில் தொங்கும் ஒரே குடம். முன்னால் மாறன், பனைமரம் மாதிரி. பின்னால் சேந்தன், அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். மேடு ஏறும்போது குடம் சேந்தன் பக்கமே சறுக்கும். "தள்ளாதேடா." "நீ குனிடா, ஒட்டகம்." குடிலுக்கு வந்து சேரும்போது அரைக் குடம்தான் மிச்சம்.

"அவங்க ரெண்டு பேரும்," என்றாள். அவளுக்கே தெரியாமல் சிரித்திருந்தாள்.

"நீ?"

"பொடிசுன்னு சொல்லி என்னைத் தூக்க விடலை. கூட நடந்தேன்."

"சும்மாவா?"

"குடத்து மேல கையை வெச்சுக்கிட்டு. அப்புறம்தான் முழுக் குடம் வந்துச்சு."

"யார் பக்கம் தள்ளினே?"

"தள்ளலையே."

ஆசான் எழுந்து, கூரையில் செருகியிருந்த பழைய தடியை உருவினார். அவள் மடியில் வைத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

மறுநாள் பேச்சு நடக்கும் மண்டபத்தில் முத்திரைக் குடங்கள் இல்லை. நடுவில் கயிறு கட்டிய ஒரு வெறும் குடமும் தடியும் கிடந்தன.

பேச்சு ஏறியது. வெயிலும் ஏறியது. மாறனுக்குத் தொண்டை வறண்டது.

"தண்ணி எங்கே?"

"ஆத்தில இருக்கு," என்றாள் நாச்சி.

சேந்தன் தடியை எடுத்துப் பார்த்தான். நடுவில் கத்தியால் கீறிய ஒரு கோடு.

"நான் போட்டது," என்றான். "குடம் இதைத் தாண்டி என் பக்கம் வரக் கூடாதுன்னு."

"ஒரு நாளாவது நின்னுதா?" என்றான் மாறன்.

சேந்தன் தடியைத் தோளில் போட்டுக்கொண்டான். குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். மாறன் பின்னாலேயே போனான். நாச்சியும் போனாள்.

வரும்போது முன்னால் மாறன், பின்னால் சேந்தன். இருவருக்கும் மூச்சு வாங்கியது. மாறனுக்கு முழங்கால் வலி வேறு. பாதி மேட்டில் குடம் கோட்டைத் தாண்டிச் சறுக்கியது. தண்ணீர் சேந்தனின் வேட்டியில் கொட்டியது.

இருவரும் நின்றுவிட்டார்கள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே, நாச்சி?" என்றான் மாறன், திரும்பாமலே.

"கையை வை," என்றான் சேந்தன்.