வாய்ப்பாறை

"மூணு மணி நேரம் மலையேறி வந்திருக்கேன். இந்தப் பாறை வாயே தொறக்க மாட்டேங்குதே, சாமி!"

செல்லக்கிளிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இடுப்பில் மகள் தேனரசி. மூணு வயசு முடிந்தும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

எதிரே ரெண்டு பாறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கொட்டாவி விட்ட வாய் மாதிரி நின்றன. அதற்குள் பிள்ளையின் பேரைக் கூப்பிட வேண்டும். பாறை திருப்பிச் சொன்னால் பிள்ளைக்கும் பேச்சு வரும். அந்தப் பக்கத்து நம்பிக்கை அது.

பாறையடியில் குடியிருந்த சாமியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்லக்கிளியைவிட ரெண்டு வயசு சின்னவளாகத்தான் இருப்பாள். அதுவே இவளுக்கு எரிச்சல்.

"எப்படிக் கூப்பிட்டீங்க, அக்கா?"

"தேனரசீ, தேனரசீ, தேனரசீன்னு மூச்சு விடாம, தொண்டை கிழியக் கூப்பிட்டேன்."

"பாவம். பிள்ளைக்குத் தண்ணி குடுக்கட்டுமா?"

"வேண்டாமாம்."

"கீழே விடுங்களேன், விளையாடட்டும்."

"கால் வலிக்குதாம். தூக்கியே வச்சிருக்கணுமாம்."

பிள்ளை நெளிந்தது. இவள் இறுக்கிக்கொண்டாள்.

"அப்படின்னு சொன்னாளா?"

"பேசாத பிள்ளை எப்படிச் சொல்லும்? பெத்தவளுக்குத் தெரியாதா?"

சாமியாரம்மா மறுபடி கீரையில் குனிந்துவிட்டாள்.

"நீங்க கீரை ஆயறதைப் பாக்கவா வந்தேன்? ஊமைச்சி, ஊமைச்சின்னு ஊரே கூப்பிடுது. எம் மாமியாரும் ஆரம்பிச்சாச்சு. வெறுங்கையோட போய் நான் யார் மூஞ்சியில முழிக்க?"

"இன்னொரு தரம் கூப்பிடுங்க."

"தேனரசீ!"

அடுத்ததற்கு வாயெடுத்தாள். கீரை வாசம் அடிக்கும் கை ஒன்று வந்து அவள் வாயை அப்படியே பொத்தியது.

செல்லக்கிளி திமிறினாள். முறைத்தாள். கை அசையவில்லை.

காற்று மட்டும் அடித்தது.

பாறைக்குள் எங்கேயோ ஆழத்தில் இருந்து, அவசரமே இல்லாமல் வந்தது குரல்.

"...அரசீ..."

செல்லக்கிளிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏதோ சொல்லப் போனாள். கை இன்னும் வாய்மேலேயே இருந்தது.

சாமியாரம்மா பாறையைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்போதும் சொல்லவில்லை.

அதற்குப் பொறுமை போய்விட்டது.

"எறக்கி வுடு."