எல்லா ஏட்டையும் திறந்தவர்

ஆவுடையப்பன் ஒரு வேலையில் உட்கார்ந்தால் வேலை முடியும், இல்லாவிட்டால் நாற்காலி உடையும். மடத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். அன்று நாற்காலிக்குத்தான் ஆபத்து.

வைத்தியர் குடும்பம் ஒன்று தங்கள் பரம்பரைச் சுவடிகளைப் படமெடுத்துக்கொள்ள மடத்துக்குத் தந்திருந்தது. மாலையில் வந்து திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள். மறுபடி தரமாட்டார்கள். படமெடுத்தாகிவிட்டது; மாலைக்குள் ஒவ்வொரு படத்தையும் கணினியில் திறந்து, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, சரிசெய்து சேமிக்க வேண்டும். மங்கலாக இருந்தால் ஏட்டைத் திரும்பப் படமெடுக்க வேண்டும். ஏடு போய்விட்டால் அந்த எழுத்தும் போனதுதான்.

ஒன்றும் விடுபட்டுவிடக் கூடாதே என்று ஆவுடையப்பன் எல்லாப் படங்களையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்தார். கணினி திணறியது. அவர் விடுவாரா? மெமரி போதாதபோது ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடத்தை மெமரிபோல ஒதுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்சமாக இல்லை, தாராளமாகவே ஒதுக்கினார். கணினி படங்களை மெமரிக்கும் டிஸ்குக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததே தவிர, வேலை நகரவில்லை. கடைசியில் ஒரு படத்தைச் சேமிக்கப் போனால், டிஸ்கில் இடமில்லை என்றது.

உச்சிப்பொழுதில் மடத்தின் தலைவி குமுதவல்லியிடம் போய் நின்றார். அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் குரு குருதானே.

“அம்மா, போன வருஷம் சேமிச்ச சுவடிகள்ல கொஞ்சத்தை அழிச்சாத்தான் இதுக்கு இடம் கிடைக்கும். எதை அழிக்கட்டும்?”

அவையும் அவர் கையால் சேர்த்தவைதான்.

“முதல்ல பந்தியைப் பாருங்க. பரிமாற ஆள் இல்லை.”

அன்னதானக் கூடம் நிறைந்திருந்தது. வாசலில் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. ஆவுடையப்பன் சாம்பார் வாளியை எடுத்தார்.

“வாசல்ல நிக்கிறவங்களையும் இப்பவே உட்கார வைங்க” என்றார் குமுதவல்லி.

“இலை போட இடமில்லையேம்மா.”

“அந்தப் பச்சைச் சட்டைக்காரரை எழுப்பிட்டு ஒருத்தரை உட்கார வைங்க. அவர் ரெண்டு வாய் சாப்பிட்டதும் எழுப்பிட்டு, பச்சைச் சட்டைக்காரரைத் திரும்பக் கூப்பிடுங்க.”

பச்சைச் சட்டைக்காரர் சாம்பாருக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“இலையில உட்கார்ந்தவரை எப்படிம்மா எழுப்புறது? பாவமில்லையா?”

“சரி, எழுப்ப வேண்டாம். வெளியே காத்திருக்கிறவங்களுக்கு இடம் பத்தலை. அரிசி அறையைக் காலி பண்ணி அங்கே உட்கார வைங்க.”

“அப்புறம் அரிசியை எங்கேம்மா வைக்கிறது?”

“என்னைக் கேட்டா? காலையிலேருந்து அந்தக் கணினிப் பெட்டிக்குள்ள பந்தி நடத்துறது நீங்கதானே?”

ஆவுடையப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பந்தி முடியும்வரை பரிமாறினார். பிறகு விறுவிறுவென்று கணினி அறைக்கு நடந்தார்.

திறந்ததையெல்லாம் மூடினார். ஒதுக்கிய இடத்தை டிஸ்குக்கே திருப்பிக் கொடுத்தார். ஒரு படத்தைத் திறந்து, சரிசெய்து, சேமித்து, மூடினார். பிறகு அடுத்தது. பழைய சுவடி ஒன்றுகூட அழியவில்லை. காலையெல்லாம் முரண்டு பிடித்த கணினி சொன்ன பேச்சைக் கேட்டது.

வெயில் தாழ்ந்தபோது வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு கட்டுச் சுவடியின் படங்கள் மிச்சமிருந்தன. மிச்சத்தை மொத்தமாகத் திறந்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கையை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

“அம்மா, ஒரு கட்டு பாக்கி இருக்கு. அவங்க வந்துட்டாங்களே!”

குமுதவல்லி வந்தவர்களுக்கு இலை போட்டு முடித்திருந்தார். வைத்தியர் வீட்டுப் பெரியவர் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“பந்தியில உட்கார்ந்துட்டாங்க” என்றார் குமுதவல்லி, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே. “பாயசம் வரைக்கும் நான் பார்த்துக்கறேன். நீங்க போய் ஒரு ஏட்டைத் திறங்க.”