மூட்டம் போட்ட வீடு

மழை மறந்துபோன ஒரு சீமையிலே, புகைக்கு நடுவே ஓர் ஊர் இருந்ததாம். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளேயே கனலவிட்டுக் கரியாக்கும் மூட்டம்தான் அந்த ஊருக்குச் சோறு. அங்கே மூட்டம் போடும் வழிவிட்டானின் மனைவி ராக்குவுக்கு ஏழாம் மாசம். இருமல் விட்டபாடில்லை, சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன.

ஊசி போட வந்த நர்ஸம்மா சொன்னாள்: “உடம்புக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கான். வயித்துல பிள்ளை வந்ததும், ‘இது நம்ம விருந்தாளி’ன்னு அடங்கி நிப்பான். புகை ஏற ஏற மிரண்டுபோவான். அப்புறம் நோயையும் தடுக்க மாட்டான், பிள்ளைக்கும் ஆகாது. புகை படாம இரு தாயி.”

அன்றிலிருந்து ராக்குவுக்குத் தன் மூச்சே பயமாகிவிட்டது.

மறுநாள் காலை மூட்டத்துப் புகை நேரே வீட்டைப் பார்த்து வந்தது. வழிவிட்டான் சன்னலை அடைத்தான், கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தான், ஓட்டையெல்லாம் களிமண் பூசினான். கதவைச் சாத்தி வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்தான்.

உள்ளே மாமியார் முத்திருளி, கொசு கடித்தால் காய்ச்சல் கூடுமே என்று சட்டியில் வேப்பிலையைப் புகையவிட்டாள்.

“அத்தை, மூச்சு முட்டுது.”

“வேப்பம்புகை மருந்துடி. கரிப்புகையா அது?”

ராக்கு வயிற்றைத் தடவினாள். விடிந்ததிலிருந்து பிள்ளை அசையவில்லை. இருட்டு, வெக்கை, பூசிய மண்ணின் வாசம். எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“என்னையும் மூட்டம் போட்டுட்டீகளே!” என்று அலறினாள்.

வெளியே நாத்தனார் பஞ்சவர்ணம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்த சேலை இப்போது மூட்டத்துப் பக்கமாகப் படபடத்தது. ஓடிவந்து கதவை உதைத்தாள்.

“திறக்காதடி, புகை வந்துரும்!” என்று வழிவிட்டான் மறித்தான்.

“உள்ள மட்டும் என்னண்ணே, சந்தனமா மணக்குது?”

கதவு விழுந்தது. மதினியைத் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். ராக்கு நாலு மூச்சு இழுத்ததும், பிள்ளை ஓர் உதை விட்டது.

கேளுங்கள்: ஒருவன் வெளிப்புகையை அடைத்தான். ஒருத்தி கொசுவை விரட்டினாள். ஒருத்தி கதவை உடைத்தாள். மூவருக்கும் பயம் ஒன்றே. இதில் பிள்ளைக்குக் காவல் நின்றது யார்?

விடை: பஞ்சவர்ணம். மற்ற இருவரும் கரிப்புகை, வேப்பம்புகை என்று புகைக்குப் பேர் பார்த்தார்கள். நெஞ்சுக்கூடு பேர் கேட்பதில்லை. அவளோ கொடிச்சேலையைப் பார்த்தாள், காற்று திரும்பியதை அறிந்தாள். ஆனால் ராக்கு கேட்டாள்: “மச்சான், சாயங்காலம் காத்து மறுபடி திரும்புமே?” பெண்கள் மூவரும் ராக்குவின் தாய்வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழிவிட்டான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த மூட்டத்துக்கு இடம் தேடி, புகை வீட்டை எட்டாதபடி ஊர் கண்ணுக்கு மறையும் பொட்டலை நோக்கி நடந்தான்.