கடைசியாகச் சொன்னவர் முதலில்

நிலோஃபரிடம் கணினித் தொழில் கற்க வந்த தணிகாசலம், குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேகமான கை. அந்தக் கையின் மேல் அவருக்கு அபார நம்பிக்கையும் உண்டு.

மதியத்துக்கு மேல் கடலில் காற்று வலுக்கும் என்று அன்று காலை தகவல் வந்தது. பாம்பனில் இருக்கும் கணினியில் ‘அலைமணி’ என்ற நிரல் ஓடித்தான் படகுகளுக்கு எச்சரிக்கை போகும். அதன் பழைய ஓட்டங்கள் சில சிக்கிக்கொண்டு வழியை அடைத்திருந்தன. அவற்றை ஒழித்தால்தான் புது எச்சரிக்கை கிளம்பும். படகுகளோ ஏற்கெனவே கடலில்.

மதுரை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தணிகாசலம் கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். பாம்பன் கணினிக்குள் போ; ‘அலைமணி’ என்ற பெயர் எந்தக் கட்டளையில் இருந்தாலும் அதைக் கொல்; கடைசியாக வந்ததிலிருந்து ஆரம்பி. அனுப்பினார். இணைப்பு அறுந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி அறுந்தது. சிக்கியவை மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தன.

“பாம்பன்ல லைன் சரியில்ல மேடம். அங்க இருக்கிற ராயப்பன் கேபிளை ஒழுங்கா சொருகல. போன்ல எங்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.”

நிலோஃபர் ஸ்கிரிப்டை ஒரு தரம் படித்தார். பிறகு எழுந்து அறையிலிருந்த எல்லோரையும் பார்த்தார்.

“இந்த ரூம்ல ‘அலைமணி’ன்னு சொன்னவங்க எல்லாரும் வெளிய போங்க. கடைசியா சொன்னவங்க முதல்ல.”

சொல்லிவிட்டு, தானே வெளியே போய்விட்டார். மற்றவர்கள் யாரும் அசையவில்லை. விரட்ட ஆள் இல்லையே.

தணிகாசலம் திருதிருவென்று விழித்தார். பிறகு திரையைப் பார்த்தார். கொல்லச் சொல்லும் கட்டளையிலேயே அந்தப் பெயர் இருந்தது. கடைசியாக உள்ளே வந்ததும் அதுதான். ஒவ்வொரு முறையும் முதல் அடி அதற்கே விழுந்திருக்கிறது; இணைப்பும் அதோடு அறுந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெயரை எடுத்துவிட்டு, சிக்கிய ஓட்டங்களுக்குக் கணினி கொடுத்திருந்த எண்களை மட்டும் பார்த்துப் போட்டார். இணைப்பு அறவில்லை. சிக்கியவை ஒழிந்தன, எச்சரிக்கை கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் ராயப்பன் கூப்பிட்டான். “சார், கேபிளை மறுபடியும் கழட்டி மாட்டிட்டேன் சார். போட்டுங்க எல்லாம் கரைக்குத் திரும்புது.”

“சரி, சரி” என்று போனை வைத்தார் தணிகாசலம்.

நிலோஃபர் உள்ளே வந்தபோது தணிகாசலத்துக்குப் பழைய தெம்பு முழுசாகத் திரும்பியிருந்தது.

“இனிமே இந்தத் தொல்லையே வராது மேடம். தேடும்போது தன்னை மட்டும் விட்டுடுன்னு ஒரு வரி சேர்த்துடறேன்.”

“தப்பைத் தேடும்போது அதைத்தானே சார் காலையிலேர்ந்து பண்ணிக்கிட்டு இருக்கீங்க” என்றார் நிலோஃபர்.