எட்டாவது கத்தியும் குக்குறுவானும்

பறவையின் பேச்சு மனிதனுக்கும் மனிதனின் பேச்சு பறவைக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில், உடையான் தன் மனைவி காத்தாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தான். அவள் ஆற்றுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். தலையில் கூடை, இடுப்பில் அவன் அடித்துக் கொடுத்த கத்தி. பாதிச் சரிவில் நின்று திரும்பிப் பேசினாள். பேசியது அவனோடு அல்ல, அவன் உலைக்கு மேலே அத்தி மரத்தில் உட்கார்ந்திருந்த குக்குறுவான் பறவையோடு.

"கொழுந்தா, உங்க அண்ணன் நெருப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. கஞ்சியைக் குடிக்கச் சொல்லு."

"சொல்றேன் மதினி," என்றது குக்குறுவான்.

உடையான் அப்போது உலையில் கிடந்த இரும்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். புரட்டி முடித்துத் தலையைத் தூக்கினான். அதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். முதுகும் கூடையும்தான் தெரிந்தன.

குக்குறுவான் அன்று இன்றிருப்பது போல இல்லை. நெற்றியிலும் தொண்டைக்குக் கீழும் இருக்கும் சிவப்பு அப்போது கிடையாது. இலைப் பச்சையில், சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பருமனாக, வாய் ஓயாமல் பேசும் பறவை அது. அத்திப்பழத்துக்காக வந்த பறவை, உடையானின் சுத்தியல் சத்தம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. உடையானை அண்ணே என்று கூப்பிட்டது. அதனால் காத்தாயி அதற்கு மதினி ஆனாள்.

உடையான் கொல்லன் பரம்பரை இல்லை. அந்த ஆற்றங்கரையில் கொல்லனே கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் கல்லை உருக்கி இரும்பு எடுப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, இரும்புக் கட்டியைக் கொடுத்துவிட்டுக் கூடை முறம் வாங்கிப் போவார்கள். கரை முழுவதற்கும் இருந்தது ஒரே கத்தி. அது காத்தாயியின் அண்ணன் சடையன் வீட்டுக் கத்தி. காத்தாயி கோரை அறுத்துப் பாய் முடைகிறவள். கோரை அறுக்கப் போகும்போதெல்லாம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

"இன்னிக்கும் கத்தியா?" என்பாள் சடையனின் பெண்டாட்டி. "உன் புருஷனுக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு. கடிச்சு அறுக்கச் சொல்றது."

காத்தாயி அதைச் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் வந்து சொல்வாள். உடையானுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் இரும்புக் கட்டி ஒன்றை வாங்கி வந்து, அத்தி மரத்தடியில் குழி தோண்டி, ஆட்டுத் தோலில் துருத்தி தைத்து உட்கார்ந்துவிட்டான்.

கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. முதலில் அடித்தது ஓர் ஆணி. அது முடிந்தபோது மண்புழு போல இருந்தது. காத்தாயி அதைச் சுவரில் அறைந்து உறியை மாட்டினாள். அடுத்தது ஒரு கொக்கி. இரும்பு நன்றாகக் காய்ந்தால் நல்லது என்று நினைத்து வெகுநேரம் நெருப்பில் விட்டான். பூப் பூவாகப் பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தால் பாதியைக் காணோம். விறகு எரிவது போல இரும்பும் எரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டான். அப்புறம் ஒரு குறடு. சூடான இரும்பைப் பிடிக்கக் குறடு வேண்டும், குறடு அடிப்பதற்கும் குறடு வேண்டும். பச்சை மூங்கிலைப் பிளந்து அதில் இடுக்கிக்கொண்டு, அது கருகக் கருக வேறு மாற்றி, எப்படியோ அடித்து முடித்தான். அதன் இரண்டு வாயும் ஒன்றோடொன்று சேரவில்லை.

சடையன் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். "மாப்பிள்ளை, இது குறடா, கோவிச்சுக்கிட்ட புருஷன் பெண்டாட்டியா? ஆளுக்கு ஒரு பக்கம் பாக்குது."

"உங்க வீட்டுல பாத்து அடிச்சதுதான் மச்சான்," என்றான் உடையான். காத்தாயி வெகுநேரம் சிரித்தாள்.

பிற்காலத்தில் தனியாக இருந்தபோது உடையானின் நினைவுக்குத் திரும்பத் திரும்ப வந்தவை அந்தக் கோணல் ஆணியும் வாய் சேராத குறடும் அடித்த நாட்கள்தான். நன்றாக அடித்த பொருள்கள் அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை.

பிறகு கத்திக்கு வந்தான். இரும்பைத் தட்டி நீட்டி, விளிம்பை மெலிய அடித்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தான். வெளியே எடுத்தபோது பார்க்க அழகாக இருந்தது. குக்குறுவான் கீழே இறங்கி வந்து அலகால் ஒரு தட்டுத் தட்டியது.

"உள்ள விரிசல் இருக்கு அண்ணே."

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது. சத்தத்துல தெரியுது."

குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்து கூடு வைக்கும் பறவை. தட்டிப் பார்த்தே கிளையின் உள்ளே திடமா பொந்தா என்று சொல்லிவிடும். உடையான் நம்பாமல் கத்தியைக் கல்லில் ஓங்கி அடித்தான். பறவை காட்டிய இடத்திலேயே இரண்டாக முறிந்தது.

அன்றிலிருந்து கத்தியைத் தட்டிப் பார்க்கும் வேலை குக்குறுவானுடையது ஆயிற்று. உடையான் தானாக ஒருநாளும் தட்டிக் கேட்டதில்லை. தம்பி இருக்கிறான், அவன் சொல்வான் என்று விட்டுவிட்டான்.

இரண்டாவது கத்தியிலும் விரிசல். மூன்றாவதிலும். ஒவ்வொரு முறையும் குக்குறுவான் உள்ளதைச் சொன்னது. ஒவ்வொரு முறையும் உடையான் கத்தியை முறித்துப் போட்டுவிட்டு, அணைந்த உலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று முழுவதும் சோறு கிடையாது, பேச்சு கிடையாது. காத்தாயி தன் பங்கையும் மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மேலே கிளையிலிருந்து பறவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழாவது கத்தியும் முறிந்த அன்று, "எனக்கு இது வராது. இன்னும் ஒண்ணுதான். அதோட விட்டுர்றேன்," என்றான்.

எட்டாவது கத்தியை ஒரு நண்பகலில் தோய்த்தான். வெயில் நெருப்பாகக் காய்ந்தது. தண்ணீர் சீறிய சீற்றத்தில் அவன் காதில் வேறெதுவும் விழவில்லை. குக்குறுவானுக்கு மட்டும், எறும்பு பல்லைக் கடித்தது போல, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

உடையான் கத்தியை வெளியே எடுத்தான். வளையவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை. நேராக, வாழை இலை நரம்பு போல இருந்தது. காத்தாயி முடைந்துகொண்டிருந்த பாயைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். குக்குறுவான் இறங்கித் தட்டியது. நல்ல இரும்பு 'ணங்' என்று கொஞ்ச நேரம் பாடும். இது 'டுக்' என்றது. அதோடு நின்றுவிட்டது.

பறவை நிமிர்ந்து உடையானின் முகத்தைப் பார்த்தது.

"என்ன கொழுந்தா, வாயில அத்திப்பழமா?" என்றாள் காத்தாயி. "சொல்லு, நல்லா இருக்கா இல்லையா?"

கோரை அறுக்கத்தானே போகிறாள், கோரைக்கு இது தாங்கும் என்று குக்குறுவான் நினைத்தது. இன்று ஒருநாள் இவன் சோறு சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தது.

"நல்லா இருக்கு அண்ணே," என்றது.

அன்று மாலை காத்தாயி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசல் வழியாக மூன்று முறை போய் வந்தாள். மூன்றாவது முறை அண்ணன் பெண்டாட்டியே வெளியே வந்து, "என்னடி, வழி தவறிப்போச்சா?" என்று கேட்டாள். "இல்ல, கத்தி கேக்க வரல, அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான்," என்றாள் காத்தாயி. உடையான் அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் குக்குறுவான் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. கோரை அறுந்துகொண்டிருந்தது, கத்தி தாங்கிக்கொண்டிருந்தது. நாளாக ஆகச் சொல்வது கடினமாயிற்று. ஒரு மாதம் ஓடிவிட்டது.

அந்த ஐப்பசிக் காலையில் காத்தாயி ஆற்றுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் வானம் கறுத்தது. ஆற்றின் சத்தம் மாறியதைக் கேட்டுக் குக்குறுவான் பறந்துபோய்ப் பார்த்தது. செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்துகொண்டிருந்தது. காத்தாயி மருத மரத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். வெள்ளம் புரட்டியதில் அவள் கால் மரத்தின் வேர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தது.

அவள் பயப்படவில்லை. "ஒண்ணும் இல்ல கொழுந்தா, கத்தி இருக்கு, வேரை வெட்டிருவேன். நீ போய் அண்ணனைக் கூப்பிடு," என்றாள்.

"ஓங்காத மதினி! மெதுவா அறு!" என்று கத்தியது குக்குறுவான். வெள்ளத்தின் இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை.

முதல் வெட்டில் வேர் பாதி அறுந்தது. இரண்டாவது வெட்டில் கத்தி முறிந்தது.

குக்குறுவான் பறந்து வந்து சொல்லி, உடையான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மருத மரத்தின் கிளைகள்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

மூன்று நாள் வெள்ளம் வடியவில்லை. மூன்று நாளும் உடையான் உலையை அணைய விடவில்லை. கீழே எங்கேயாவது கரை ஏறியிருந்தால் புகையைப் பார்த்து வழி கண்டுபிடித்து வருவாள் என்று கரியைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

நாலாம் நாள் தண்ணீர் இறங்கியதும் சடையன்தான் தங்கையைக் கண்டெடுத்தான். எல்லாம் முடிந்த பிறகு அத்தி மரத்தடிக்கு வந்தான். அவள் விரல்களைப் பிரித்து எடுத்த பாதிக் கத்தி அவனிடம் இருந்தது. உடையான் கையை நீட்டினான். சடையன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தான். கத்தியைக் கையோடு கை கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் அதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

உடையான் அதை எடுத்து முறிந்த இடத்தைப் பார்த்தான். பெரும்பகுதி புதுத்துரு பிடித்து மஞ்சளாக இருந்தது. ஓர் ஓரம் மட்டும் நகத்தளவுக்குக் கறுப்பாக இருந்தது. ஏழு கத்தி முறித்தவன் அவன். அந்தக் கறுப்பு பழையது, தோய்த்த அன்றே விழுந்தது என்று அவனுக்குத் தெரியும்.

மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அன்னிக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணே."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட மாட்டே."

சடையன் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். உடையான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "விடு மச்சான். தட்டிப் பாக்க எனக்கும் கை இருந்துச்சு. காதும் இருந்துச்சு."

சடையன் கல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்த மரத்தடிக்கு வரவில்லை.

கல்லடி பட்டிருந்தால் குக்குறுவானுக்கு ஒருவேளை அதோடு தீர்ந்திருக்கும். அது நேராக இறங்கி உலைக்குள் பாய்ந்தது. பொய் சொன்ன தொண்டைக்குள் ஒரு நெருப்புக் கங்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, நெற்றியை நெருப்பில் வைத்தது. உடையான் வெறுங்கையால் அதை வாரி எடுத்து, கத்தி தோய்க்கும் தொட்டித் தண்ணீரில் முக்கினான்.

பறவை பிழைத்துக்கொண்டது. வெந்துபோன நெற்றியிலும் தொண்டைக்குக் கீழும் சிவப்பாக இறகு முளைத்தது. மழைக்காலம் முழுவதும் அது வாயைத் திறக்கவில்லை. தை பிறந்து வெயில் ஏறிய ஒரு நண்பகலில் அத்தி மரத்து உச்சியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தது. அதன் சொற்கள் எல்லாம் எரிந்துபோயிருந்தன. ஒரே ஒரு சத்தம்தான் மிஞ்சியிருந்தது.

'டுக்.'

அந்தக் கத்தி அன்று எழுப்பிய அதே சத்தம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை அது அப்போது சொன்னது. தலையை இந்தப் பக்கம் திருப்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திருப்பி ஒருமுறை, பொழுது சாயும் வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

உடையான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு எழுந்து உலையை மூட்டினான். ஒன்பதாவது கத்தியைத் தோய்த்து எடுத்து, தானே சுத்தியலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டான். அது 'ணங்' என்று பாடியது. அதைச் சடையன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான். சடையனின் பெண்டாட்டி எடுத்துக்கொண்டாள்.

அவன் வெகுகாலம் உயிரோடு இருந்தான். நிறையக் கத்திகள் அடித்தான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனும் பறவையும் அன்றைய பேச்சை மறுபடி எடுத்ததில்லை. பறவைக்குப் பேச்சு போய்விட்டது, அவனுக்குப் பேச ஒன்றும் இல்லை. தினமும் நண்பகலில் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மரத்தை அண்ணாந்து, "கஞ்சி குடிச்சிட்டேன்," என்று மட்டும் சொல்வான். 'டுக்' என்று மேலேயிருந்து பதில் வரும்.

அன்று முதல்தான், அடித்த கத்தியைத் தட்டித் தன் காதால் கேட்காமல் கொல்லன் யாருக்கும் கொடுப்பதில்லை. அன்று முதல்தான், குக்குறுவான் மழைக்காலத்தில் வாய் மூடி இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் மர உச்சியில் தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கிறது.

வேரில் சிக்கி நின்ற கத்தியின் மறு பாதி யார் கைக்கும் கிடைக்கவில்லை. பாதி வெட்டுப்பட்ட அந்த வேர் மறுபடி தழைத்து அதன் மேலே மூடி வளர்ந்துவிட்டது.