உப்புக்காரி மந்தை ஓட்டிய கதை

பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் ஆடு ஓடும், நாய் ஓடும், ஒரு பெண்ணும் ஓடுவாள். தள்ளி இருந்தால் மூன்றையும் பிடிக்க முடியாது.

உப்பளத்துக்கு ராஜா காவல் போட்டிருந்த காலம் அது. கடற்கரையில் ஆவுடை என்று ஒரு உப்புக்காரி இருந்தாள். அவளுக்குச் சொத்து மூன்று. ஒன்று கழுதை, ஒன்று சுள்ளான் என்ற நாய், மற்றொன்று அவள் குரல். தெருமுனையில் நின்று "உப்போ, உப்பு" என்றாளானால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும். பேரத்தில் அவளை மடக்கியவர் கிடையாது. கோபம் வந்துவிட்டாலோ, ஊர்க் காக்கை எல்லாம் பக்கத்து ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து வந்த சாமர்த்தியம் அல்ல அது. ஏமாந்து, அடிபட்டு, மறுபடி எழுந்து நின்று சம்பாதித்தது.

ஒருநாள் அவள் மலையடிவாரத்து ஊருக்கு உப்பு கொண்டு போனாள். குளக்கரையில் ஒரு பெரிய செம்மறி மந்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரன் மரத்தடியில் குறட்டை விட்டான். அவன் நாய் மட்டும் மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்தது. ஒரு ஆடுகூட விலகவில்லை.

ஆவுடைக்குக் கண் விரிந்தது. 'நான் கத்திக் கத்தி உப்பைக் கரைக்கிறேன். இந்த மனுஷன் தூங்கத் தூங்க இவன் சொத்து குட்டி போடுகிறதே' என்று நினைத்தாள். அவ்வளவுதான், அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டுக்காரனை உலுக்கி எழுப்பி, ஊரில் யாராவது மந்தை விற்கிறார்களா என்று கேட்டாள்.

விற்கிறவர் ஒருவர் இருந்தார். வாங்குகிறவரும் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், தினைக்கொல்லைக்காரர் மருதப்பர். ஆவுடை நடுவில் புகுந்தாள். விடிந்து தொடங்கிய பேரம் வெயில் சாயும்வரை நடந்தது. மருதப்பருக்குத் தொண்டை வறண்டது, தலை சுற்றியது, கடைசியில் வார்த்தையும் தீர்ந்தது. கழுதையையும் உப்பு மூட்டைகளையும் கொடுத்துவிட்டு ஆவுடை ஒரு சிறு மந்தைக்குச் சொந்தக்காரி ஆனாள்.

அந்த ஊர் ஆட்டுக்காரர்களுக்கெல்லாம் தலைவர், கீதாரி இருளப்பக் கோனார். அவர் சுள்ளானை மேலும் கீழும் பார்த்தார்.

"தாயி, உன் நாய் ஆட்டைப் பார்த்திருக்கா?"

"புலியையே பார்த்திருக்கு, அண்ணாச்சி."

"புலி அதைப் பார்த்துச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கீதாரி ஊர் வழக்கத்தைச் சொன்னார். புதிதாக மந்தை ஓட்டுகிறவர், வருகிற பௌர்ணமிப் பகலில், இரண்டு தினைக்கொல்லைகளுக்கு நடுவே போகிற ஒற்றை வழியில் ஆடுகளைக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கதிர் கடிபட்டாலும் அந்த வருஷம் மலைப்புல்லில் மேய்க்கிற உரிமை கிடையாது. புல் இல்லாத மந்தையை என்ன செய்வது? கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். யாரிடம் என்று மருதப்பரின் மீசை சொல்லிற்று.

முதல் நாள் ஆவுடை நாயை அவிழ்த்து விட்டாள். சுள்ளான் மந்தையின் நடு வயிற்றில் பாய்ந்தது. கொட்டிய மிளகாக ஆடுகள் சிதறின. "பிடி சுள்ளான்" என்றாள். "விடு சுள்ளான்" என்றாள். "இங்கே வாடா பாவி" என்றாள். அவள் கத்தக் கத்த நாய் இன்னும் வேகமாக ஓடியது.

இரண்டாம் நாள் நாயை இடுப்பில் கட்டிக்கொண்டு அவளே ஓட்டினாள். ஆடுகள் கிழக்கே போயின, நாய் மேற்கே இழுத்தது, ஆவுடை நடுவில் கருவேலம் புதரில் கிடந்தாள். அங்கிருந்தபடியே ஆட்டையும் திட்டினாள், நாயையும் திட்டினாள், புதரையும் திட்டினாள். இருட்டுகிற நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. உப்புக்காரியின் மூன்று சொத்தில் மிஞ்சியது நாய் மட்டும். அவள் நொந்துபோய்க் கையிலிருந்த கோலை இடப்பக்கம் நீட்டினாள்.

சுள்ளான் சத்தம் வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. கோலைப் பார்த்தது. பிறகு இடப்பக்கமாக, எட்டப் போய், பெரிய வட்டமாகச் சுற்றி மந்தைக்கு அப்பால் நின்றது. குரைக்கவில்லை, பாயவில்லை, சும்மா நின்றது. ஆடுகள் தலை தூக்கின. நாய் நின்ற பக்கத்தை விட்டு நகர்ந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஆவுடையை நோக்கி வந்தன.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோலை வலப்பக்கம் நீட்டினாள். நாய் வலப்பக்கம் போனது, ஆடுகள் இடப்பக்கம் திரும்பின. கோலைத் தரையில் ஊன்றினாள்; நாய் நின்றது, மந்தையும் நின்றது. அடடா, இதற்கா இரண்டு நாள் கத்தினோம் என்று சத்தமில்லாமல் சிரித்தாள், அழுதாள், ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். நாயை ஆட்டின்மேல் ஏவ வேண்டியதே இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வைத்தால் போதும்.

பௌர்ணமிக்குள் குரல் திரும்பிவிட்டது. அங்கேதான் ஆபத்து.

அன்று ஊரே குளக்கரையில் கூடியிருந்தது. வழியின் இரண்டு பக்கமும் தினைக்கதிர் முற்றி, ஆட்டின் வாய்க்கு நேராகத் தொங்கியது. ஆவுடை முன்னால் போனாள், மந்தை நடுவில், சுள்ளான் பின்னால். மருதப்பர் தம் வரப்பில் கூடவே நடந்தார்.

"கழுதையைக் கொடுத்துட்டியே உப்புக்காரி, இனி அது வேலையை யார் பார்க்கிறது, நீயா?"

ஆவுடையின் கழுத்து நரம்பு புடைத்தது. கோலை அசைத்தாள், மந்தை நகர்ந்தது.

"நீ வித்த உப்புல பாதி மணலாமே? ஊரெல்லாம் பல்லு தேஞ்சு கிடக்கு."

இது தொழிலைத் தொட்ட பேச்சு. பதில் அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அந்த நேரம் முன்னால் வந்த பெட்டை ஆடு ஒரு கதிரை நோக்கி மூக்கை நீட்டியது. ஆவுடை பதிலை விழுங்கிவிட்டுக் கோலை நீட்டினாள். சுள்ளான் அந்த ஓரமாக வந்து நின்றது. ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்றாவது தடவை மருதப்பர் பேசவில்லை. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து நாயின் விலாவில் எறிந்தார்.

சுள்ளான் கத்திற்று. மந்தை முழுதும் திடுக்கிட்டுக் காதை நிமிர்த்தியது. ஒரே ஒரு சத்தம், ஒரே ஒரு 'அடேய்' போதும், நாய் மருதப்பர் மேல் பாயும், ஆடுகள் கொல்லைக்குள் பாயும், எல்லாம் முடிந்தது. உப்பு மூட்டை சுமந்து வளர்ந்த ஆவுடை அப்படி ஒரு பாரத்தை அதுவரை சுமந்ததில்லை. கண்ணில் நீர் வந்தது. வாய் திறக்கவில்லை. கோலை மெதுவாகத் தரையில் ஊன்றினாள்.

சுள்ளான் நின்றது. மந்தை நின்றது. மூச்சு விடும் நேரம் கழித்துக் கோலை முன்னே நீட்டினாள். எல்லாம் நகர்ந்தன. கடைசிக் குட்டியும் வழியை விட்டு வெளியேறிக் குளத்தில் வாய் வைத்தது.

கீதாரி வழியின் இரு பக்கமும் நடந்து கதிர்களைத் தடவிப் பார்த்தார். "ஒரு கதிர்கூடக் கடிபடலை. மலைப்புல் உனக்குத்தான், தாயி," என்றார்.

ஆவுடை தலையாட்டினாள். ஆடுகளைப் பட்டியில் அடைத்தாள். சுள்ளானின் விலாவைத் தடவி, கூழ் வைத்தாள். அது நக்கி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மருதப்பரின் வரப்புக்கு வந்து நின்றாள்.

"இப்போ சொல்றேன், கேட்டுக்கிடும் மருதப்பரே," என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதைச் சபையில் சொல்ல முடியாது. கேட்ட மருதப்பர் வழியைப் பார்க்கவில்லை, வரப்பைப் பார்க்கவில்லை, தம் கொல்லைக்குள்ளேயே விழுந்து ஓடினார். அன்று அந்த ஊரில் ஒடிந்த தினைக்கதிரெல்லாம் அவர் காலில் மிதிபட்டவைதான்.

கேட்டவர்களே, இதுதான் நீதி: கோபத்தைப் பிறகுகூடச் சொல்லிக்கொள்ளலாம், சிதறிய மந்தையைப் பிறகு சேர்க்க முடியாது, ஆகவே கை வேலை முடியும்வரை வாயைக் காத்துக்கொள்ள வேண்டும்.