சின்னக் கைக்கு ஒரு பாரிடோன்

"மாஸ்டர், எனக்குச் சின்னதா ஒரு பாரிடோன் சாக்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டாள் எஸ்தர்.

மாதா கோயில் பேண்டில் அடிக்குரல் அந்தப் பெரிய சாக்ஸபோன் குழலுக்குத்தான்.

மாஸ்டர் டெரன்ஸ் அவளைவிட எட்டு வயது சின்னவர்.

"கையைக் காட்டுங்கக்கா."

காட்டினாள். வளையல்காரர் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் வளையல் பெட்டியைத் திறக்கிற கை.

"இந்தக் கை என்னென்ன செய்யும்?"

"துணி பிழியும், தோசை சுடும், பிள்ளை முதுகுல ரெண்டு வைக்கும். சாக்ஸ்லதான் விரல் எட்டல. சனிக்கிழமை திருவிழாச் சப்பரம். ஒழுங்கா ஊதலேன்னா பழையபடி தாளம் தட்டப் போன்னு பேண்டு தலைவர் சவரியண்ணன் சொல்லிட்டாரு."

"அறைக்குள்ள மூணு கிடக்கு. எது சுகமோ அதை எடுத்துக்குங்க."

மூன்று பாரிடோனுக்கும் கழுத்து வார் ஒன்றே ஒன்றுதான். அதிலும் வாரைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்துபோய், முன்பு பாரிடோன் ஊதிய ரொனால்டு அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மஸ்கட் போயிருந்தார். அந்த முடிச்சை அவிழ்த்தால் பேண்டே கலைந்துவிடும் என்று ஒரு பேச்சு. யாரும் தொடுவதில்லை.

எஸ்தர் வாரை மாட்டி முதல் சாக்ஸைத் தொங்கவிட்டாள். முழங்கால் பக்கம் ஆடியது. கட்டைவிரலால் முட்டுக்கொடுத்து வாய்க்குத் தூக்கினாள். மற்ற விரல்கள் விறைத்துக்கொண்டன.

"எட்டல."

இரண்டாவதும் எட்டவில்லை.

"மூணாவதுதான் மாஸ்டர் ரொம்ப மோசம்."

"அப்படியா?" என்றார் மாஸ்டர். அவர் பெஞ்சில் எஸ்தரின் மகளுடைய பள்ளிக்கூடப் பை பக்கத்தில் உட்கார்ந்து, அதில் கையை வைத்து என்னவோ செய்துகொண்டிருந்தார்.

மகள் அனிஷா வெளியிலிருந்து ஓடி வந்தாள். "பசிக்குது, போலாம்மா." பையை மாட்டினாள். பை கால் வரைக்கும் இறங்கி, நடக்கவிடாமல் இடித்தது.

"அம்மா, இந்தப் பை பெருசு. வேற வாங்கித் தா."

"காலையில சரியா இருந்த பை சாயங்காலம் வளந்துடுமாடி? வாரு எறங்கிக் கிடக்கு. திரும்பு."

இழுத்தாள். பை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அனிஷா குதித்துப் பார்த்தாள்.

எஸ்தரின் கை அப்படியே நின்றது.

மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ரொனால்டு அண்ணன் என்ன உயரம்?"

"இந்த வாசல் நிலை தலையில இடிக்கும். குனிஞ்சுதான் வருவாரு."

எஸ்தர் கழுத்து வாரைக் கழற்றி, முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

"ஐயே அம்மா, அழுக்கு!"

மாஸ்டர் எழுந்தார். "அப்ப எந்த சாக்ஸ் எடுத்துக்கப் போறீங்கக்கா?"

"எதுன்னா என்ன மாஸ்டர்?" என்றாள் எஸ்தர், வாயில் வாரோடு.